வாசகர் கேள்வி – பதில்: ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப்

ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கனடாவில் வளரும் என் பிள்ளைகள் மே மாதம் முழுவதும் ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களைத்தான் பார்க்கிறார்கள். அதே நாட்களில் ஐரோப்பாவில் உலக சாம்பியன்ஷிப் நடப்பதை அவர்கள் பொருட்படுத்துவதே இல்லை. முதல்தர ஆட்டக்காரர்கள் பலர் வராத போட்டிக்கு ‘உலக சாம்பியன்ஷிப்’ என்ற பெயர் பொருந்துமா?
– வாசகர், ஸ்காபரோ

பொருந்தும் என்றே நினைக்கிறேன்; ஆனால் உங்கள் பிள்ளைகளின் அலட்சியத்துக்கும் காரணம் இருக்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.-இல் 32 அணிகள் உள்ளன. அவற்றுள் 16 அணிகள் ஏப்ரல் மாதத்தில், அந்த லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுக்குள் நுழைகின்றன. ஸ்டான்லி கோப்பை யாருக்கு என்று முடிவாவதற்குள் ஜூன் வந்துவிடுகிறது. ஆகவே அந்த லீக்கிலிருந்து, பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறாத அணிகளின் ஆட்டக்காரர்களும் தொடக்கச் சுற்றுகளிலேயே தோற்று வெளியேறியவர்களும் மட்டுமே மே மாதத்தில் தத்தம் நாட்டு அணிக்குக் கிடைக்கிறார்கள்.

தேசிய அணிகளின் பயிற்சியாளர்கள் இதற்கேற்பவே திட்டமிடுகிறார்கள். கோல்கீப்பர்கள் மூவரையும் சேர்த்து 25 பேர் வரை பதிவு செய்யலாம் என்றாலும், முதல் நாளே பட்டியலை நிரப்பிவிடாமல் ஓரிரு இடங்களைக் காலியாக விட்டுவைப்பது வழக்கம். அமெரிக்காவில் ஒரு கழகம் தோற்ற சில நாட்களில் அதன் நட்சத்திர ஆட்டக்காரர் விமானம் ஏறி வந்து, தொடரின் நடுவில் தேசிய அணியின் சீருடையில் களமிறங்குவார். கழகத்தின் ரசிகர்களுக்குத் துக்கமாக முடிந்த அதே இரவு, ஐரோப்பாவில் ஒரு பயிற்சியாளருக்கு நல்ல செய்தியாக விடிகிறது.

யார் விளையாடலாம், யார் வந்து சேருவார்கள் என்ற இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. இத்தொடரின் நூறாண்டு வரலாற்றை அந்த ஒரு சிக்கலைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. போட்டி நடக்கும் மாதம்கூட அதனால்தான் மாறியது.

இத்தொடர் 1920-இல் தொடங்கியது என்று ஓரிடத்திலும் 1930-இல் தொடங்கியது என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?
– வாசகர், மதுரை

இரண்டுமே சரி. 1908-இல் பாரிஸில் உருவான சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் முதலில் ஐரோப்பியப் போட்டிகளையே நடத்திவந்தது. 1920-ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் நகரின் கோடைக்கால ஒலிம்பிக்கில், குளிர்கால ஒலிம்பிக் என்ற ஒன்றே இல்லாத அந்நாளில், ஏப்ரல் மாதம் ஏழு நாடுகள் ஐஸ் ஹாக்கி ஆடின. கனடாவின் சார்பில் சென்ற வின்னிபெக் ஃபால்கன்ஸ் என்ற அமெச்சூர் கழகம் ஸ்வீடனை 12–1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். இந்தப் போட்டியையும், 1968 வரையிலான பிற ஒலிம்பிக் போட்டிகளையும் சம்மேளனம் உலக சாம்பியன்ஷிப்பாகவே கணக்கில் கொள்கிறது.

ஒலிம்பிக்கோடு சேராமல் தனியாக நடந்த முதல் தொடர் 1930-இல் பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கியது. செயற்கைப் பனித்தளம் இல்லாத ஊர் அது; வெயில் ஏறவே தளம் உருகத் தொடங்கியது. மிஞ்சிய ஆட்டங்களைப் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிட வேடிக்கை, போட்டிக்கு வகுக்கப்பட்ட முறை. கனடாவுக்கு இணையாக யாரும் இல்லை என்று ஏற்பாட்டாளர்களே முடிவு செய்து, அந்த அணியை நேரடியாக இறுதி ஆட்டத்தில் வைத்துவிட்டார்கள். மற்ற நாடுகள் தமக்குள் மோதி, வென்ற ஜெர்மனி கனடாவைச் சந்தித்தது. ஒரே ஓர் ஆட்டம் ஆடிய கனடா 6–1 என்று வென்று உலக சாம்பியன் ஆனது. 1933-இல் பிராக் நகரில் அமெரிக்கா கூடுதல் நேரத்தில் 2–1 என்று வெல்லும்வரை கனடாவுக்கு இத்தொடரில் தோல்வி என்பதே இல்லை.

இரண்டாம் உலகப் போரினால் 1940 முதல் 1946 வரையிலும், கொரோனா காரணமாக 2020-இலும் தொடர் நடைபெறவில்லை. ஒலிம்பிக் ஆண்டுகளான 1980, 1984, 1988 ஆகியவற்றிலும் உயர்பிரிவுத் தொடர், அதாவது முதல்நிலை நாடுகள் ஆடும் தொடர், நடத்தப்படவில்லை.

இந்த விளையாட்டில் முன்னோடியான கனடா ஏழாண்டுகள் இத்தொடரைப் புறக்கணித்தது உண்மையா? ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்மைதான்; 1970 முதல் 1976 வரை கனடா வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள அக்காலத்து விதி தெரிந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கைப் போலவே இதிலும் அமெச்சூர்கள் மட்டுமே, அதாவது ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்காதவர்கள் மட்டுமே, ஆடலாம். கனடாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அனைவரும் என்.ஹெச்.எல்.-இல் சம்பளத்துக்கு ஆடியதால், அந்நாடு தேசிய அணியைத் தேர்ந்தெடுக்காமல் ஏதேனும் ஓர் அமெச்சூர் கழகத்தை அப்படியே அனுப்பிவைக்கும். நெடுங்காலம் அதுவே போதுமானதாக இருந்தது.

1954-இல் நிலைமை தலைகீழானது. அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் முதன்முறையாகக் கலந்துகொண்ட சோவியத் ஒன்றியம், கனடாவின் ஈஸ்ட் யார்க் லிண்ட்ஹர்ஸ்ட்ஸ் கழகத்தை 7–2 என்று வென்று தங்கத்தையும் தட்டிச் சென்றது. கனடா சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே பென்டிக்டன் வீஸ் கழகம் 5–0 என்று பழி தீர்த்தது. 1961-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் உலோக உருக்காலை ஊரான ட்ரெயிலிலிருந்து வந்த ஸ்மோக் ஈட்டர்ஸ் கழகம் சோவியத் அணியை 5–1 என்று வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அதன்பின் கனடா அடுத்த தங்கத்துக்கு 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 முதல் 1971 வரை ஒன்பது முறை தொடர்ந்து சோவியத் அணியே சாம்பியன். அதன் ஆட்டக்காரர்கள் பெயரளவில் ராணுவ அதிகாரிகளாகவோ வேறு பணிகளில் இருப்பவர்களாகவோ பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். நடைமுறையில் ஆண்டு முழுவதும் அவர்களுக்கு ஹாக்கியே வேலை. இவர்கள் அமெச்சூர் என்றால் எங்கள் ஆட்டக்காரர்களை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள் என்று கனடா கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

1970-ஆம் ஆண்டுத் தொடர் கனடாவின் மான்ட்ரியலிலும் வின்னிபெக்கிலும் நடப்பதாக இருந்தது. என்.ஹெச்.எல்.-ஐச் சேராத தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொள்ள 1969-இல் சம்மேளனம் அனுமதி அளித்தது. ஆனால் தொழில்முறையினரோடு ஆடுபவர்கள் ஒலிம்பிக் தகுதியை இழக்க நேரிடும் என்று அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ் எச்சரிக்கவே, 1970 ஜனவரியில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. கனடா தொடரை நடத்தும் பொறுப்பையும் உதறி, போட்டியிலிருந்தும் விலகியது. தொடர் ஸ்டாக்ஹோமுக்கு மாறியது.

1975-இல் சம்மேளனத் தலைவரான ஜெர்மானியர் குந்தர் சபெட்ஸ்கிதான் இந்த முடிச்சை அவிழ்த்தார். தொழில்முறையினருக்கு அனுமதி கிடைத்தது, என்.ஹெச்.எல்.-இல் தோற்ற அணியினர் வந்து சேர வசதியாகத் தொடரின் தேதியும் வசந்தத்தின் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டது. 1977-இல் வியன்னாவில் கனடா மீண்டும் களமிறங்கி நான்காம் இடம் பெற்றது. முதல் கேள்வியை அனுப்பிய ஸ்காபரோ வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது: அவர் குறைபட்டுக்கொள்ளும் அந்த மே மாதம், கனடாவைத் திரும்ப அழைத்துவருவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட சமரசத்தின் விளைவே ஆகும்.

இன்றைய போட்டி முறையை விளக்க முடியுமா? முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற அணி கோப்பையை வென்றதாகக் கேள்விப்பட்டேன்.
– வாசகர், புதுச்சேரி

1998 முதல் உயர்பிரிவில் 16 நாடுகள் ஆடுகின்றன. எட்டெட்டு அணிகளாக இரு பிரிவுகள். ஒவ்வோர் அணியும் தன் பிரிவிலுள்ள மற்ற ஏழு அணிகளோடும் மோதும். அறுபது நிமிட ஆட்டத்துக்குள் வென்றால் 3 புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷாட்களிலோ முடிவு தெரிந்தால் வென்ற அணிக்கு 2, தோற்ற அணிக்கு 1. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடங்களைப் பெறுபவை காலிறுதிக்குச் செல்கின்றன. கடைசி இடத்தில் நிற்பவை இரண்டும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து இரண்டு அணிகள் மேலே வருகின்றன. வெண்கலத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 64 ஆட்டங்கள்.

காலிறுதி, அரையிறுதி என்ற அமைப்பு 1992-இல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் புள்ளிப் பட்டியலே சாம்பியனைத் தீர்மானித்தது. இறுதி ஆட்டம் என்ற ஒன்று இல்லாமலேயே பல தொடர்கள் முடிந்திருக்கின்றன. 1969-இல் சோவியத் ஒன்றியம், ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் ஒரே புள்ளிகளில் நின்றதால் கோல் வித்தியாசத்தைக் கொண்டு பதக்கங்களைப் பிரித்தார்கள்.

நீங்கள் குறிப்பிடும் அணி 2021-ஆம் ஆண்டின் கனடா. ரீகாவில் நடந்த அத்தொடரில் லாட்வியாவிடமும் அமெரிக்காவிடமும் ஜெர்மனியிடமும் அடுத்தடுத்துத் தோற்றது. அதன்பின் தட்டுத்தடுமாறிப் புள்ளிகள் சேர்த்தும், காலிறுதி வாய்ப்பு அதன் கையில் இல்லை. பிரிவின் கடைசி ஆட்டத்தில் ஜெர்மனி லாட்வியாவை 2–1 என்று வென்றதால்தான் நான்காம் இடம் கிடைத்தது. அங்கிருந்து ரஷ்ய அணியைக் கூடுதல் நேரத்திலும் அமெரிக்காவை அரையிறுதியிலும் வென்று, இறுதியில் பின்லாந்தை மீண்டும் கூடுதல் நேரத்தில் 3–2 என்று வீழ்த்தியது. வெற்றி கோலை அடித்தவர் நிக் பால். பழைய புள்ளிப் பட்டியல் முறையில் இது நடந்திருக்கவே முடியாது. ஏழு ஆட்டங்களில் சிறந்து விளங்கிய அணியைப் பின்தள்ளி, கடைசி மூன்று ஆட்டங்களை வென்றவருக்குத் தங்கம் கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பவருக்கு இதில்தான் சுவை அதிகம் என்பதையும் மறுக்க முடியாது.

விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது என்பார்கள். இத்தொடரில் கலந்ததுண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கலக்காத ஆண்டுகளை எண்ணுவதே எளிது. ஹங்கேரியில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து, 1957-இல் மாஸ்கோவில் நடந்த தொடருக்குக் கனடாவும் அமெரிக்காவும் செல்லவில்லை. 1962-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வரக் கிழக்கு ஜெர்மனி அணிக்குப் பயண அனுமதி கிடைக்காததால், சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும் வர மறுத்தன. இரண்டு முறையும் தங்கம் வென்றது ஸ்வீடன்.

எல்லாவற்றிலும் உக்கிரமானது 1969. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்குக்குள் புகுந்திருந்தன. அந்நகரில் நடக்கவேண்டிய தொடர் ஸ்டாக்ஹோமுக்கு மாற்றப்பட்டது. ஒவ்வோர் அணியோடும் இருமுறை மோதும் அமைப்பு அப்போது இருந்தது. செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் சீருடைச் சின்னத்திலிருந்த, கம்யூனிசத்தின் அடையாளமான நட்சத்திரத்தை நாடாவால் மறைத்துக்கொண்டு ஆடினார்கள். சோவியத் அணியை முதலில் 2–0 என்றும், மார்ச் 28 அன்று 4–3 என்றும் வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் வழக்கமான கைகுலுக்கல் நடைபெறவில்லை. அன்றிரவு பிராக் வீதிகளில் மக்கள் வெள்ளம் திரண்டது; சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அந்தக் கலவரத்தைக் காரணம் காட்டி மாஸ்கோ கொடுத்த நெருக்கடியில், சீர்திருத்தத் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக் அடுத்த மாதமே பதவி இழந்தார். இவ்வளவுக்கும் அந்த அணிக்குக் கிடைத்தது வெண்கலம்தான்.

உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து 2022-இல் ரஷ்யாவும் பெலாரூஸும் விலக்கி வைக்கப்பட்டன. 2023-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்கவிருந்த தொடரும் அங்கிருந்து எடுக்கப்பட்டது.

எப்போதும் நான்கைந்து பெரிய நாடுகளே வெல்கின்றனவே? சிறிய நாடுகளுக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

தங்கம் அரிது, மற்றபடி நிறையவே இருக்கிறது. 1949-இல் ஸ்டாக்ஹோமில் கனடா டென்மார்க்கை 47–0 என்று தோற்கடித்தது. அதன்பின் டென்மார்க் உயர்பிரிவுக்குத் திரும்ப 2003 வரை ஆயிற்று. 2025-இல் தன் சொந்த மண்ணில், ஹெர்னிங் நகரில், என்.ஹெச்.எல். நட்சத்திரங்களான சிட்னி க்ராஸ்பியும் நேதன் மெக்கின்னனும் ஆடிய கனடா அணியைக் காலிறுதியில் 2–1 என்று வெளியேற்றியது; வெற்றி கோல் விழுந்தபோது ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

லாட்வியாவின் கதை இன்னும் இனியது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்நாடு, 2023-இல் கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை 4–3 என்று வென்று வெண்கலம் பெற்றது. சமன்செய்த கோலையும் வெற்றி கோலையும் அடித்தவர் கிறிஸ்தியான்ஸ் ரூபின்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரர். அன்று நள்ளிரவையொட்டி நாடாளுமன்றம் அவசரமாகக் கூடி, மறுநாள் திங்கட்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தது. தங்கம் வென்ற நாட்டில்கூட அவ்வளவு ஆரவாரம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்தியா இதில் ஆடுகிறதா?
– வாசகர், சேலம்

உயர்பிரிவில் இல்லை. அதற்குக் கீழே படிப்படியாக அமைந்த பல பிரிவுகளிலும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆண்டுதோறும் ஆடுகின்றன. இந்தியா 1989 முதல் சம்மேளனத்தில் உறுப்பினராக இருந்தாலும், ஆசிய அளவிலான போட்டிகளில்தான் அதிகம் பங்கேற்கிறது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் உறையும் குளங்களிலும் திறந்தவெளித் தளங்களிலும் பழகியவர்கள்.