தாழ்ந்த கார், உயர்ந்த வேகத்தடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போர்ஷே 718 பாக்ஸ்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. எங்கள் தெருவில் சிமென்ட்டால் கட்டிய வேகத்தடைகள் இரண்டு. 'குறுக்காக ஏற்றினால் உரசாது' என்கிறார்கள். அப்படி ஏற்றியும் நடு வயிறு உரசுகிறது. மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய வேகத்தடையில் உரசுவதே இல்லை. ஏன்?
– வாசகர், கோவை

பதில்: வேகத்தடையின் உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வண்டி போகும் திசையில் அது எத்தனை அகலம் என்பதையும் பார்க்க வேண்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான அளவு இது. உங்கள் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,475 மி.மீ. அதனால் நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். வயிற்றை நோக்கி மேடு எழும்புவது சுமார் 45 மி.மீ. மட்டுமே. தரை இடைவெளி 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 75 மி.மீ. மிச்சம்.

தெருவில் கட்டியது 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் இருக்குமானால் கதையே வேறு. முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. நான்கும் சமதரையில் நிற்க, 150 மி.மீ. மேடு 120 மி.மீ. இடைவெளிக்குள் நுழையப் பார்க்கும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் இடிக்கத்தான் செய்யும்.

குறுக்காக ஏற்றுவது முன் லிப்பை, அதாவது முன் பம்பரின் கீழ் விளிம்பை, காப்பாற்றும். ஒரு பக்கச் சக்கரம் முதலில் ஏறி மூக்கைத் தூக்கிவிடும். அகலமான மேட்டில் வயிற்றுக்கும் நல்லது: 45 டிகிரியில் போனால் அந்த 45 மி.மீ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒடுங்கிய மேட்டில்தான் பிரச்சினை. 30 டிகிரியோ 45 டிகிரியோ சாய்த்து ஏற்றினாலும், முன் சக்கரம் இரண்டும் இறங்கி, பின் சக்கரம் எதுவும் ஏறாத ஒரு கணம் வரும். உரசும் சத்தம் அப்போதுதான் கேட்கும். அந்தக் கணமே வராமல் இருக்கச் சுமார் 50 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும். இருபதடித் தெருவில் 4.4 மீட்டர் நீளக் காரை அப்படித் திருப்ப இடம் ஏது?

ஊகிக்காமல் அளந்து பாருங்கள். 200 மி.மீ. உயரமுள்ள இரண்டு கட்டைகளை, ஒன்றுக்கொன்று 2,475 மி.மீ. இடைவெளியில், வேகத்தடை நடுவில் வரும்படி வையுங்கள். மேலே நூலை இறுக்கிக் கட்டி, நூலிலிருந்து மேடு வரை அளவெடுங்கள். 200-இல் அதைக் கழித்தால் மேடு உள்ளே எவ்வளவு நுழைகிறது என்று தெரியும். கட்டைகளை ஓரோர் அடி நகர்த்தி, இருப்பதிலேயே பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காரைச் சமதரையில் நிறுத்தி, டாங்க் நிறைய பெட்ரோலோடு, ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் உட்கார்ந்த நிலையில், 100, 110, 120 மி.மீ. உயரத்துக்கு வெட்டிய தெர்மாகோல் துண்டுகளை ஒவ்வொன்றாக அடியில் தள்ளிப் பாருங்கள். எது சிக்குகிறதோ அதற்குக் கீழேதான் உங்கள் இடைவெளி. இரண்டு அளவுக்கும் 20 மி.மீ.யாவது வித்தியாசம் இல்லையென்றால் அந்தத் தெருவில் போகாதீர்கள். அந்த 20 மி.மீ.க்குச் சில மி.மீ.தான் குறைகிறது என்றால் பக்கத்தில் இருப்பவர் இறங்கி நடந்தாலே தப்பிக்கலாம். மாநகராட்சிக்கு மனு கொடுப்பதென்றால் 'வேகத்தடையை எடுங்கள்' என்று எழுதாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் தெருவுக்கு அது வேண்டும். 3.7 மீட்டர், 10 செ.மீ. என்று அளவைக் குறிப்பிட்டு மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே ஏறும்போது முன் லிப் தரையில் இடிக்கிறது. ரேம்ப்பை உடைத்துக் கட்ட அசோசியேஷன் சம்மதிக்கவில்லை.
– வாசகி, சென்னை

பதில்: உடைக்க வேண்டாம், இரண்டு பலகை போதும். லிப்பின் உயரம் 110 மி.மீ., முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அது 750 மி.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு ஒன்று சரிவில், சக்கரம் ரேம்ப்பின் அடிக்கு வரும்போது லிப்புக்கு நேர்கீழே தரை 125 மி.மீ. உயர்ந்திருக்கும். அதற்குள் சக்கரம் உயர்ந்தாக வேண்டும். 40 மி.மீ. தடிமன், 30 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத்தில் கெட்டி மரப்பலகை, சக்கரத்துக்கு ஒன்றாக, ரேம்ப்பின் அடியை ஒட்டிப் போடுங்கள். ஏறும் முனையைச் சாய்வாகச் சீவி, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள்; இல்லையென்றால் ஈரத் தரையில் பலகை பின்னுக்குச் சறுக்கிவிடும்.

இன்னொன்று, பிரேக். பிரேக் பிடித்தபடியே மேட்டில் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தாழும். முன்கூட்டியே நடை வேகத்துக்கு வந்து, சக்கரம் ஏறும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். இறங்கும்போது மட்டும் லேசாகப் பிடித்து, சக்கரம் தொப்பென்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் போட்டால் கார் உயருமாமே?
– வாசகர், மதுரை

பதில்: உயரும், ஆனால் போடாதீர்கள். ரப்பர் சிக்கிய சுருள் வேலை செய்யாது. அதன் வேலையும் சேர்ந்து மற்றச் சுருள்கள் மேல் விழும். நாளடைவில் ஸ்பிரிங் உடையக்கூடும். உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பேசரை (உயரம் கூட்டும் வளையம்) ஸ்பிரிங்கின் மேல் மவுன்ட்டில் போடுங்கள். 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். போட்ட பிறகு வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பார்த்தே ஆக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: மழைநீர் நின்ற குழியில் முன் சக்கரம் இறங்கி, அடியிலும் 'டங்' என்று இடித்தது. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் எண்ணெய். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பத்து நிமிடம் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ சொட்டினால் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி. பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். இரண்டில் எதுவாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், நான்கு சக்கரமும் ஏறும் பிளாட்பெட் வண்டியை அழையுங்கள். சொட்டவில்லை என்றால் அடித்தட்டை நன்றாகப் பாருங்கள். முன் விளிம்பில் ஒரு கிளிப் போயிருந்தாலும் வேகமாகப் போகும்போது காற்று உள்ளே புகுந்து முழுத் தட்டையும் பிய்த்துவிடக்கூடும்.

பிறகு டயர். 235/35 ஆர் 20 டயரின் பக்கச்சுவர் வெறும் 82 மி.மீ. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி உள் நூல்கள் அறுந்திருந்தால், அன்றைக்கோ இரண்டு நாள் கழித்தோ பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ரிம்மின் உள்பக்க விளிம்பை லிஃப்டில் தூக்கித்தான் பார்க்க முடியும். வீல் பேலன்ஸிங் செய்தும் 80–100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அங்கே வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சொந்தக் காரின் சேதத்துக்கும் பாலிசி எடுத்திருந்தால், சம்ப் உடைந்ததற்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். ஆனால் எண்ணெய் ஒழுகியபடியே ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், சாதாரண பாலிசியில் அது விபத்துக்குப் பிந்தைய சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்ஜின் சேதத்துக்கான 'இன்ஜின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.