மலிவு விமானம்: எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

(திருச்சியில் நெடுங்காலமாக விமான டிக்கெட் ஏஜென்சி நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சில நாட்களில் ஆம்னி பஸ் கட்டணத்துக்கே விமான டிக்கெட் கிடைக்கிறது. நஷ்டத்துக்கா ஓட்டுகிறார்கள்? இல்லை, வேறு எதிலாவது கை வைக்கிறார்களா?
*வாசகர், காரைக்குடி*

அந்த விலைக்கு விற்பது சில இருக்கைகளை மட்டும்தான். கடைசி நேரத்தில் வாங்குகிறவரிடம் அதை ஈடுகட்டிவிடுவார்கள். ஆனால் பெரிய மிச்சம் அதில் இல்லை, விமானம் தரையில் நிற்கும் நேரத்தில் இருக்கிறது. பறந்தால்தான் விமானம் சம்பாதிக்கும். நின்றால் தவணையும் வாடகையும்தான் ஏறும்.

1972-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் சவுத்வெஸ்ட் என்ற சின்ன நிறுவனத்துக்குப் பணமுடை வந்தது. இருந்த நாலு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டார்கள். ஆனால் ஒரு சர்வீஸைக்கூடக் குறைக்க மனமில்லை. மூன்றை வைத்துக்கொண்டு நாலின் வேலையைச் செய்ய வேண்டுமென்றால், இறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும். செய்து காட்டினார்கள். உலகத்தில் இன்றுள்ள மலிவு விமானங்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்திலிருந்து பாடம் படித்தவைதான்.

அயர்லாந்தின் ரயன்ஏர் அதைக் கடைசி வரை கொண்டுபோனது. 25 நிமிடத்தில் விமானத்தைத் திருப்பிவிடுவார்கள். முன் இருக்கையின் பின்னால் பை கிடையாது. பை இருந்தால் காகிதமும் பாட்டிலும் செருகுவோம், அதை எடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதனால் பாதுகாப்பு அட்டையை இருக்கையிலேயே ஒட்டிவிட்டார்கள். இருக்கை பின்னால் சாயாது, ஆகவே பழுதாகிற பாகமும் குறைவு. முன்வாசல் படிக்கட்டு விமானத்துக்குள்ளேயே மடங்கி இருப்பதால் விமான நிலையத்தின் படிவண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், வாடகையும் இல்லை. ‘ஃபிராங்க்ஃபர்ட்’ என்று டிக்கெட் விற்று, ஊரிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹான் நிலையத்தில் இறக்கினார்கள். அங்கே கட்டணம் குறைவு, நெரிசலும் இல்லை. மற்றதையெல்லாம் நான் ரசிப்பேன். இந்த ஒன்றை ஏற்க மாட்டேன். மிச்சமான பணத்தில் ஒரு பங்கைப் பயணி பஸ்ஸுக்குக் கொடுத்துவிடுகிறாரே.

நம் இண்டிகோவும் இதே வழிதான். பிசினஸ் வகுப்பு வைத்தால் 150-ஐ ஒட்டி இருக்கை போடுகிற ஏ320 விமானத்தில் இவர்கள் 180, 186 போடுகிறார்கள். தரையிறங்கும் முன் பணிப்பெண் குப்பைப் பையோடு வருகிறார் இல்லையா? அதுவும் கீழே நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

மகன் சிங்கப்பூரிலிருந்து எப்போதும் மலிவு விமானத்தில்தான் வருகிறான். செலவைக் குறைக்க எரிபொருளைக் குறைவாகப் போடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
*வாசகி, நாகர்கோவில்*

பயப்படாதீர்கள் அம்மா. போய்ச்சேரும் தூரத்துக்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் வரைக்கும், அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் சுற்றுவதற்கு என எரிபொருள் இருந்தே ஆக வேண்டும். டிக்கெட் என்ன விலையாக இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான்.

ஆனால் ஒன்றையும் மறைக்க மாட்டேன். அந்த அளவுக்கு மேல் அதிகம் சுமக்க மலிவு நிறுவனங்கள் விரும்புவதில்லை. எடை கூடினால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். 2012 ஜூலையில் ஸ்பெயினின் மாட்ரிட்டில் இடியும் மழையுமாக இருந்ததால் மூன்று ரயன்ஏர் விமானங்கள் வலென்சியாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்கேயும் நெரிசல், காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றுமே எரிபொருள் அவசரநிலை அறிவித்துத்தான் இறங்கின. விதிப்படி வேண்டிய எரிபொருளோடுதான் புறப்பட்டன என்று அயர்லாந்து அதிகாரிகள் விசாரித்துச் சொன்னார்கள். சரி, விதி மீறப்படவில்லை. ஆனாலும் வானிலை மோசமாக இருக்கும் நாளில் பைலட் கூடுதலாகக் கேட்டால், ஏன் என்று எந்த நிர்வாகமும் அவரைக் கேட்கக் கூடாது.

எங்கே கணக்குப் பார்க்கிறார்கள் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி. பிரிட்டனின் ஈஸிஜெட், 156 இருக்கை கொண்ட ஏ319 விமானங்களுக்கு நாலு பேரை அனுப்ப வேண்டியிருந்தது. 2022-ல் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஆறு இருக்கையைக் கழற்றி 150 ஆக்கி, மூன்று பேரோடு பறந்தார்கள். விதி அப்படியே நிற்கிறது, அதன் விளிம்பு வரை வந்து நின்றுகொள்கிறார்கள்.

கழிப்பறைக்குக் காசு, நின்றுகொண்டே பயணம் என்றெல்லாம் வரப்போகிறதாமே?
*மாணவர், மதுரை*

ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓ’லியரி 2009-ல் கழிப்பறைக் கட்டணம் பற்றிப் பேசினார். நின்று போவது பற்றியும் சொன்னார். இரண்டுமே வரவில்லை. காசு செலவில்லாமல் உலகம் முழுக்கத் தன் நிறுவனத்தைப் பற்றிப் பேச வைத்தார், அவ்வளவுதான்.

கோலாலம்பூர் போகும்போது கவுன்டரில் பைக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். டிக்கெட் விலையே குறைவு, பைக்கு ஏன் இவ்வளவு?
*வாசகர், தஞ்சாவூர்*

இதைப் படித்ததும் திருச்சி கவுன்டரில் பார்த்த ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. மகளின் பிரசவத்துக்குப் போகிறவர். கைப்பைக்கு 7 கிலோதான், தராசு அதற்கு மேலே காட்டியது. தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். பிரசவ லேகியம், வசம்பு, பூண்டு ஊறுகாய், பிள்ளைக்குத் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி. லேகியத்தையும் துணியையும் வைத்துக்கொண்டு மற்றதை வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்தார். நிறுவனம் விதியைத்தான் சொன்னது, ஆனால் அவருக்கு அதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

பை குறைந்தால் ஏற்றி இறக்குகிற நேரமும் ஆளும் குறைகிறது. அதனால்தான் அதற்குத் தனி விலை. டிக்கெட் எடுக்கும்போதே எடைக்கும் பணம் கட்டுங்கள், கவுன்டரைவிட நன்றாகவே குறையும். கொக்கித் தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே எடை பாருங்கள்.

கேன்சல் செய்தால் பணம் வராத டிக்கெட் என்றார்கள். போக முடியவில்லை. ஒன்றுமே கிடைக்காதா?
*வாசகி, சேலம்*

இந்தியாவில், விமான நிலையக் கட்டணம், வரி ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. மலிவு டிக்கெட்டில் பாதிக்குப் பாதிகூட அதுவாக இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தானபோது சென்னையில் மாட்டிக்கொண்டேன். ஏன் அப்படி ஆயிற்று?
*வாசகர், கும்பகோணம்*

பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் குறைக்கும் விதி 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 1-ல். இவ்வளவு அவகாசம் இருந்தும் போதிய பைலட்டுகளோடு இண்டிகோ தயாராகவில்லை. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் அவர்கள் கையில் இருப்பதால் நாடே தடுமாறியது. இருக்கைப் பையையும் சாய்மானத்தையும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விமானம் ஓட்டுகிறவரின் தூக்கத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஒரு நாள் கூட்டம் கூடினால் தாங்குகிற அளவுக்கு ஆட்களை வைத்துக்கொள்வதை வீண்செலவாக நினைப்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

உங்கள் விமானத்தை அவர்களே ரத்து செய்திருந்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டுமென்று முடிவு செய்வது நீங்கள்தான். பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.