ரேடார்ல ஆரஞ்சு, மாடியில ஒரு சொட்டு கூட இல்ல!

கேள்வி: போன வாரம் சாயங்காலம் சென்னை ரேடார் படத்துல எங்க ஊரு மேல ஆரஞ்சு கலரா அப்பிக் கிடந்துச்சு, மாடில காயப்போட்ட துணியெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன், கடைசில தூறல் கூட இல்ல. ரேடார் பொய் சொல்லுமா சார்?
- வாசகி, வேலூர்

பதில்: பொய் சொல்லாதும்மா. நீங்க பாத்தது அநேகமா மேக்ஸ் இசட் படம், வாட்ஸ்அப்ல சுத்துறதும் அதான் (அதுவும் ஒரு மணி நேரம் பழசா வரும்!). உங்க தலைக்கு மேல எந்த உயரத்துல எதிரொலி (ரேடார் அனுப்பின அலை மழைத்துளில பட்டு திரும்பி வர்றது) ஜாஸ்தியோ அத மட்டும் எடுத்து வரையற படம் அது, அந்த ஆரஞ்சு ஆறேழு கி.மீ. மேல தொங்கிட்டு இருந்திருக்கலாம், கீழ வர்றதுக்குள்ள காஞ்ச காத்துல ஆவியாகியும் போயிருக்கலாம். படத்துக்கு மேலயும் பக்கத்துலயும் ஒரு பட்டை இருக்கும்ல, முக்காவாசி பேரு அத பாக்கறதே இல்ல, உயரம் அதுலதான் தெரியும். அந்தப் பட்டையோட அடி வரைக்கும் கலர் எறங்கியிருந்தா துணிய எடுங்க.

அப்பவும் கேரண்டி கிடையாது. சென்னை துறைமுகத்துல 2002ல வெச்ச ரேடார் அது, நாட்டோட முதல் டாப்ளர் (காத்தோட வேகத்தையும் சொல்ற) வானிலை ரேடார். அரை டிகிரி சாய்வுல அலைய அனுப்பினாலும் பூமி வளைஞ்சு கீழ எறங்குறதால வேலூர் வர்றப்ப ரெண்டு கி.மீ. உயரத்துல இருக்கும், 200 கி.மீ. தள்ளின்னா நாலு. அதுக்குக் கீழ நடக்கறது தெரியாது, அதான் ஐப்பசி கார்த்திகைல தாழ்வான மேகம் கொட்டுறப்ப படம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இன்னொண்ணு, துளி ரெண்டு மடங்கு பெருசானா எதிரொலி 64 மடங்கு ஆகும். நாலு குண்டு துளியோ ஆலங்கட்டியோ இருந்தாலே பெருமழை மாதிரி காட்டும். தரைல எவ்ளோ பெய்யும்னு கணக்கு போடுற எஸ்ஆர்ஐ படத்தையும் சேத்து பாருங்க, அதுவும் கணக்குதான், மழைமானி இல்ல.

கேள்வி: காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு ரேடாருக்கு எப்படி தெரியும்?
- வாசகர், தாம்பரம்

பதில்: பாதிதான் தெரியும். தன்னை நோக்கி வர்ற துளி, விலகிப் போற துளி, இந்த ரெண்டுலயும் திரும்பி வர்ற அலை லேசா மாறும், அத வெச்சு வேகம் சொல்லும். வர்தா மாதிரி கிழக்கேருந்து நேரா சென்னைக்கு வர்ற புயல்னா புயலோட கண்ணுக்கு வடக்க காத்து ரேடார நோக்கி வரும், தெக்க விலகிப் போகும், எதிரெதிர் கலர் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். குறுக்கால போற காத்து எவ்ளோ பலமா அடிச்சாலும் சைபர்னுதான் காட்டும்.