டிசைன் வியூவில் படங்கள் சரிந்தால் தளம் கெட்டுவிட்டதா?

கேள்வி: புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஆறு அறை விடுதி நடத்துகிறேன். இணையதளம் செய்து கொடுத்தவர் ட்ரீம்வீவர் என்ற தளம் செய்யும் மென்பொருளையும் கோப்புகளையும் என் கணினியில் போட்டுவிட்டு, வாடகையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதில் பக்கத்தைத் திருத்தும் டிசைன் வியூவில் படங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. லைவ் வியூவில் ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் வாடகைக் கட்டத்தை மாற்ற விடமாட்டேன் என்கிறது. அவரைக் கேட்டால் தளம் பழுது, புதிதாகச் செய்ய 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். தமிழ்ப் பக்கமும் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தளத்தில் பழுது எதுவும் இல்லை.

ட்ரீம்வீவர் முதலில் வந்தது 1997இல். டிசைன் வியூவுக்கு அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்போது பக்கத்தை அட்டவணை போட்டு அடுக்குவார்கள், அதைச் சரியாகக் காட்டும். இன்று படங்களை வரிசையாக நிறுத்த ப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்று எழுதுகிறோம். அவை அதற்குப் புரியாது, அதனால்தான் படங்களைக் கீழே கீழே கொட்டிவிடுகிறது. லைவ் வியூ 2008இல் சேர்ந்தது. அதற்குள் பிரவுசர் எஞ்சினே ஓடுவதால், விருந்தினர் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதுதான் நெருக்கம்.

அப்படியானால் வாடகையை ஏன் தொட முடியவில்லை? பெரும்பாலும் அந்த எண்ணைப் பக்கம் திறக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் வந்து எழுதும். பக்கத்தின் கோப்பில் அந்த இடம் காலிதான், எண் வேறொரு கோப்பில் இருக்கும். இல்லாததை லைவ் வியூ எப்படித் திருத்தும்? முதலில் தளத்தின் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். அப்புறம் கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே காட்டும் கோட் வியூவுக்குப் போய், எல்லாக் கோப்புகளிலும் தேடும் வசதியில் உங்கள் வாடகையைத் தேடுங்கள். 3500 என்று கிடைக்காவிட்டால் நடுவில் கமா போட்டு 3,500 என்று தேடுங்கள். கிடைத்ததும் இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அதை ஒட்டி இருக்கும் மேற்கோள் குறியில் கை படக் கூடாது. சேமித்து, இணையத்தில் ஏற்றி, போனில் திறந்து பாருங்கள். எங்கு தேடியும் எண் இல்லையென்றால் அது பெரும்பாலும் டேட்டாபேஸில், அதாவது தளத்தின் தகவல் கிடங்கில் இருக்கும். அதற்கான அட்மின் லாகின் அவரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

தமிழ்ப் பக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிசைன், லைவ் இரண்டிலும் நன்றாகத் தெரிந்து, விருந்தினருக்கு மட்டும் கெட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. உங்கள் கணினியில் பாமினி இருந்தால் வேஷம் நிற்கும். சென்னையிலிருந்து வருகிறவரின் போனில் பாமினி இருக்காது, அவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். சோதிப்பது சுலபம்: கோட் வியூவைத் திறங்கள். அங்கேயும் தமிழாகவே இருந்தால் அது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறை, பயமில்லை. ஆங்கிலக் குப்பையாக இருந்தால் பாமினி வகை. இலவச மாற்றிகள் இருக்கின்றன, யூனிகோடாக்கி ஒட்டுங்கள். பிரெஞ்சுக்கார விருந்தினருக்கென்று பக்கம் இருந்தால் அதில் இந்தத் தொல்லையே வராது. தமிழ் போன்ற நம் மொழிகளுக்குத்தான் இந்தத் தலையெழுத்து.

சரி, எனக்குப் பெரிய கவலை வேறு. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. மிஷன் வீதி, நேரு வீதிக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பணம் கட்டியது இவர்கள், பதிவு மட்டும் தளம் செய்தவரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில். சண்டை வந்தால் அவர் புதுப்பிக்கவும் மாட்டார், மாற்றித் தரவும் மாட்டார். டாட் இன் முகவரிச் சண்டைகளுக்கு ஐஎன்டிஆர்பி என்று ஒரு தீர்வு முறை இருக்கத்தான் இருக்கிறது. அதில் பெயர் மீது உங்களுக்கு உள்ள உரிமையை நிரூபிக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். பதிவு செய்த வர்த்தகக் குறியீடு இல்லாத ஆறு அறைக்காரருக்கு அதை நிரூபிப்பது சுலபமா? விதி எழுதியவர்கள் பெரிய கம்பெனிகளை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள்.

ஆகவே அவரிடம் இன்றே மூன்றைக் கேளுங்கள்: டொமைன் கணக்கின் லாகின், ஹோஸ்டிங் (தளக் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) பாஸ்வேர்டு, பதிவில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா' என்று இழுத்தால், புரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். புதுத் தளம் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.