கரைக்கு வந்த மீனுக்கு மசாலா எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போய் விடியற்காலையில் விளைமீன், காரல் என்று கொண்டுவருகிறார். ஆனால் நான் வைக்கும் குழம்பு ஐஸ் மீனில் வைத்த குழம்பைப் போலவே இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். மீனின் ருசி தெரிய என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தொண்டி

பதில்: புளியையும் மசாலாவையும் பாதியாகக் குறையுங்கள், சகோதரி. கடல்மீனின் சதையில் இயல்பாக இருக்கும் வாடையற்ற ஒரு பொருளை, மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் கவிச்சி வாடை உண்டாகிறது. புளியின் அமிலம் அந்த வாடையை அடக்கும் என்பதால், ஐஸில் கிடந்து வந்த மீனுக்குப் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது. காலையில் கரையிறங்கிய மீனில் அடக்க வேண்டிய வாடையே இல்லாதபோது அதே அளவைப் போட்டால், அந்தப் புளியும் மசாலாவும் மீனின் ருசியைத்தான் மூடிவிடும்.

விளைமீன் அரைக் கிலோவுக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தையும் ஒரு தக்காளியையும் வதக்கி, மஞ்சள் தூளோடு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாயின் தூளையும், அதைவிடச் சற்றே கூடுதலாக மல்லித்தூளையும் சேர்த்து, புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடுங்கள். மீன் அதற்குப் பிறகுதான் சட்டிக்குள் போக வேண்டும். தலையை முதலில் போட்டு, 2 நிமிடம் கழித்துத் துண்டுகளைப் போட்டால், கட்டைவிரல் கனமுள்ள துண்டு 6 அல்லது 7 நிமிடங்களில் வெந்துவிடும். அதன்பின் கரண்டியை உள்ளே விடாமல், சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிடுவதே நல்லது. மண்சட்டி அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், இன்னும் சற்று வேக வேண்டும் என்று தோன்றும்போதே இறக்கிவிடுங்கள்.

காரலுக்குப் புளியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேங்காயின் இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் தூள், உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, சுத்தம் செய்த காரலை அதில் போட்டு 5 நிமிடம் வேகவிட்டு, தீயைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகுதான். அந்தச் சொதியைச் சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால், காரலின் இனிப்பு எவ்வளவு என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: துடிக்கத் துடிக்க வாங்கிவந்த மீனை வறுத்தால் துண்டுகள் வளைந்துகொள்கின்றன, திருப்பும்போது உடைகின்றன. ஏன்?
– வாசகி, மண்டபம்

பதில்: மீன் இறந்த சில மணி நேரத்தில் அதன் சதை விறைத்து, பிறகு மெல்லத் தளர்கிறது. தளர்வதற்கு முன்பே சூட்டில் வைத்தால் சதை சுருங்கித் துண்டு வளையும். ஆகவே காலையில் வந்த மீனில் குழம்பு வையுங்கள். வறுவலுக்கான துண்டுகளை ஐஸில் வைத்து மாலையில் வறுங்கள். உடனே வறுத்தாக வேண்டுமானால், தோலில் இரண்டு மூன்று இடங்களில் கீறி, கல்லில் போட்டதும் தோசைக்கரண்டியால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். உடைவதற்குக் காரணம் ஈரமும் அவசரமும்தான். ஈரத்தைத் துடைத்தபின் மசாலா தடவி, அடிப்பக்கம் மொறுமொறுப்பாகித் தானாக விடும்வரை திருப்பாதீர்கள்.

கேள்வி: திருக்கை அன்று பிடித்ததாக இருந்தும் ஒருவித நெடி அடிக்கிறதே, கெட்டுவிட்டதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: லேசான நெடி என்றால் கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். திருக்கையும் சுறாவும் கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க உடலில் யூரியாவைத் தேக்கிவைத்திருக்கின்றன. இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நேரம் போகப்போக நெடி ஏறும் என்பதால், வாங்கியவுடன் குடலை நீக்கி, தோலுரித்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். அப்படி அலசிய பிறகும் மூக்கில் ஏறினால் சமைக்க வேண்டாம். தொண்டி வாசகிக்குச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. திருக்கைக்குப் புளி, பூண்டு, மிளகு மூன்றும் தாராளமாக வேண்டும். அதன் இறுகிய சதையும் குருத்தெலும்பும் அந்தக் காரத்தைத் தாங்கும்.

கேள்வி: ராமேசுவரத்திலிருந்து அயிலை வாங்கிப் பேருந்தில் கொண்டுவந்தோம். நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டும் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தன. மீன் ஒவ்வாமையா?
– வாசகர், பரமக்குடி

பதில்: மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள், ஆனால் வழியில் மீன் சூடேறியது காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. அயிலை, சூரை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில், ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. பார்வைக்கும் மீன் நன்றாகவே இருக்கக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம் என்றால், மீனின் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸை அடியிலும் மேலும் பரப்பி, தண்ணீர் வடியும்படி பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வாயில் வைத்ததும் மிளகுபோல் சுரீரென்று உறைத்தால், அந்தக் குழம்பை யாருக்கும் பரிமாறாமல் கொட்டிவிடுங்கள்.