பழைய பாட்டுப் படத்துக்கு வேறு முடிவு: காரைக்குடிக் கேள்வி பதில்

தேவகோட்டை: காதலர்கள் சாகும் பழைய படம். ரசிகர் வெட்டாக, கணினியில் நானே வெட்டி ஒட்டிச் சேர்ந்து வாழ்வதாக மாற்றினேன். கடைசிப் பாட்டு இடறுகிறதே?

வெட்டு தாளத்தில் விழவில்லை, ஆச்சி. ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை. ஒரு சுற்று, அதாவது ஆவர்த்தனம், முடிந்து அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையான சமத்தில் வெட்டுங்கள். ஒலியை முதலில் முடித்துவிட்டு அதன்மேல் படத்தைப் பொருத்துங்கள். படத்தை முதலில் வெட்டினால் அரை எண்ணிக்கை தொங்கும். ஒட்டு இடையிசையில் இருக்கட்டும். அங்கே உதடு காட்டிக்கொடுக்காது. சேரும் காட்சிக்கு முற்பாதியிலிருந்து குளோசப் எடுக்கும்போது மூக்குத்தி, பூ, பொட்டு, வெளிச்சம் விழும் பக்கம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கருப்பு வெள்ளையில் சேலையின் நிறம் தப்பிவிடும், கரை தப்பாது.

புதுவயல்: இரண்டு டிவிடியிலிருந்து எடுத்தேன் அண்ணே. ஒன்றில் சுருதி ஏறியிருக்கிறது.

அது அநேகமாக பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிடி, தம்பி. வினாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் 25 பிரேமில் ஓடுவதால் 4 சதவீதம் வேகம் கூடி, சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வேகத்தை 96 சதவீதமாக்குங்கள். மென்பொருளில் சுருதியை மாறாமல் வைக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி மேலேயே நிற்கும்.

கானாடுகாத்தான்: புதிதாகப் பேசிச் சேர்த்த வசனம் துருத்துகிறது.

ஒற்றைத் தட ஒலியாக, மோனோவாக்குங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடி ஒலியையும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர் ஒலியையும் குறையுங்கள். அதே காட்சியில் யாரும் பேசாத இரண்டு வினாடி இரைச்சலை எடுத்து வசனத்துக்கு அடியில் ஓடவிடுங்கள். படம் முழுக்க இரைச்சலைத் துடைப்பது பெரிய தவறு. நாகஸ்வரத்தின் கூர்மையும் கூடவே போய்விடும்.

பள்ளத்தூர்: படத்தின் பாடல் வரிகளும் கதைச்சுருக்கமும் அச்சிட்ட பழைய பாட்டுப் புத்தகம் உதவுமா?

முடிவுக்கு உதவாது, கதைச்சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். ஆனால் பிரதியில் எங்கே பாட்டு அறுந்திருக்கிறது என்பதை வரிக்கு வரி காட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடிச் சேர்த்த தொகுப்பு, 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது. அங்கே பாருங்கள்.

காரைக்குடி: சட்டச் சிக்கல்?

படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு காப்புரிமை. நம் ஊரில் எடுத்த ‘நாம் இருவர்’ (1947) 2007-உடன் விடுபட்டது. பாடல் வரிக்கு, எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் மறைந்தது 1981. ஆகவே 2041 முடியும்வரை உரிமை உண்டு. இசைக்கும் இப்படித்தான் தனிக் கணக்கு. எந்தப் படமானாலும், ‘இது ரசிகர் வெட்டு, மூலத்தின் முடிவு வேறு’ என்ற அட்டையைத் தொடக்கத்தில் 5 வினாடி நிறுத்துங்கள்.