கார் பத்திரிகையில் வேலை போன ஜேம்ஸ் மே, டிவிக்கு எப்படி வந்தார்?

பின்னாளில் பிரிட்டனின் பிரபல டிவி தொகுப்பாளரான அவருக்கு வேலை போனது உண்மைதான். 1992-இல் பிரிட்டனின் ஆட்டோகார் இதழில் ஆண்டு முழுக்க வந்த கார் விமர்சனங்களைத் தொகுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழ, மனுஷன் சலித்துப்போய், விமர்சனங்களின் தொடக்கத்தில் பெரிதாக அச்சாகும் சிவப்பு எழுத்துகளைக் கோத்துப் படித்தால் 'இதைத் தயாரிப்பது பெரிய தலைவலி' என்று (கெட்ட வார்த்தையோடு) வரும்படி செய்துவிட்டார். அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஏதோ பரிசுப் போட்டி என்று நினைத்து வாசகர்கள் போன் போட்டபோதுதான் குட்டு உடைந்து, வேலையும் போனதாம்.

அப்புறம் 1999-இல் பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியரில் கொஞ்ச காலம் வந்தார். அதே நிகழ்ச்சி புது வடிவம் எடுத்தபின் 2003-இல் திரும்பினார், பெயர் வாங்கியது அதில்தான். 'கேப்டன் ஸ்லோ' என்று கிண்டலடிக்கப்பட்டவர், 2007-இல் ஜெர்மனியில் புகாட்டி வேரான் என்ற அதிவேகக் காரை மணிக்கு 407 கி.மீ. வேகத்தில் விரட்டினார். 2015-இல் விலகி, அமேசானின் தி கிராண்ட் டூர் என்ற கார் நிகழ்ச்சியில் 2024 வரை இருந்தார். படித்தது என்னவோ இசை!